காண்டலும் கருதலும்: ‘பியோம்கேஷ் பக்ஷி’ தொடர் – ஒரு மீள்நோக்கு

துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது நம் திறனாய்வு மரபில் நெடுநாள் வழக்கம். தொலைக்காட்சித் துப்பறியும் தொடரோ அதனினும் மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்டது. ஒருமுறை ஒளிபரப்பாகி மறைந்ததை மீண்டும் கண்டு சீர்தூக்க வழியின்மையே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம். இணையம் இன்று அத்தடையை நீக்கியுள்ளது. அதனால் விளையும் மதிப்பீட்டு மாற்றத்தைப் ‘பியோம்கேஷ் பக்ஷி’ தொடர் வாயிலாக இக்கட்டுரை நோக்குகிறது.

பியோம்கேஷைப் படைத்த வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய பம்பாய்த் திரையுலகில் பணியாற்றியபின், 1952இல் அதனை விட்டுப் புனே நகரில் குடியேறினார். 1932இல் தொடங்கிய பியோம்கேஷ் கதைகளுள் பிற்காலத்தன பல அங்கு எழுதப்பட்டவை. பாசு சட்டர்ஜி அவற்றை இந்தியில் தொடராக்க, தூர்தர்ஷன் 1993இலும் 1997இலும் ஒளிபரப்பியது. ரஜித் கபூர் பியோம்கேஷாகவும், கே. கே. ரைனா நண்பர் அஜித்தாகவும் நடித்தனர். 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது, இத்தொடர் மறு ஒளிபரப்பாயிற்று. இன்று இணையத்தில் விரும்பிய பொழுது காணலாம்.

இதில் ‘மக்டி கா ரஸ்’ (சிலந்திச் சாறு) என்னும் பகுதி சிறப்பாக நோக்கத்தக்கது. இதில் கொலை இல்லை. சிலந்தியின் நஞ்சுச் சாற்றைப் போதைக்காக உட்கொள்ளும் முதியவர் ஒருவருக்கு, வீட்டாரின் காவலையும் மீறி அது எவ்வாறு கிடைக்கிறது என்பதே வினா. அஜித் நேரில் கண்டுவந்து உரைக்கிறார்; பியோம்கேஷ் அதனைக் கேட்டே விடை காண்கிறார். எழுதும்போது பேனாவை நாவில் வைப்பது முதியவரின் வழக்கம்; சாறு மையிலேயே கலந்துள்ளது. முதன்முறை காண்போர்க்கு இது வியப்பு. மீண்டும் காண்போரோ, பியோம்கேஷுக்குக் கிடைத்த தடயம் தமக்கும் கிடைத்திருந்தது என உணர்வர். அளவை நூலார் காண்டல், கருதல் எனப் பிரித்துரைப்பர். அஜித் காண்டலாகவும் பியோம்கேஷ் கருதலாகவும் நிற்கின்றனர். அறிவின் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இந்நாடகத்தின் பொருள். மீள்பார்வையின்றி இந்நுட்பம் முற்றும் புலப்படாது.

குறையும் உண்டு. மறைபொருள் அவிழுமிடம் பெரும்பாலும் நீண்ட உரையாடலாகவே அமைகிறது, காட்சியாக விரிவதில்லை. நினைவின் இனிமை இக்குறையை மறைத்துவிடலாகாது.

இணையத்தில் ஏறியதனாலேயே ஒரு தொடர் பாதுகாக்கப்பட்டதாகாது. ஏற்றியவர் எந்நாளும் நீக்கலாம். 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனேயிலேயே அமைந்தது. திரைப்படத்திற்கு அங்குக் காட்டப்பட்ட அக்கறை தொலைக்காட்சித் தொடர்க்கும் உரியது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் நெறி நமக்கு முன்னுள்ளது. ‘விடாது கருப்பு’ முதலிய தமிழ்த் தொடர்களின் கிடைக்கும் படிகளை ஒளிபரப்பு நாள், நீளம், கலைஞர் பெயர் ஆகியவற்றுடன் பட்டியலிடுதல் முதற்பணி. அதன்பின்னரே அவற்றைப் பற்றிய திறனாய்வு நினைவினின்று நீங்கிச் சான்றின்மேல் நிற்கும்.