இலை உதிராத இலையுதிர்காலம்

ஜான் கீட்ஸின் இலையுதிர்காலக் கவிதையில் இந்த முறை உதிரும் இலையைத் தேடிப் பார்த்தேன். மூன்று பத்திகளிலும் ஒன்றுகூட இல்லை. காய்ப் பாரத்தில் வளையும் ஆப்பிள் மரம் இருக்கு, பருத்த சுரைக்காய் இருக்கு. பருவமே ஓர் ஆளாக வந்து பாதி அறுத்த வயலில் அசந்து தூங்குது. நம்முடைய மொழிபெயர்ப்புச் சொல்தான் உதிர்வையும் சோகத்தையும் முன்கூட்டியே உள்ளே கொட்டிவிடுகிறது.

1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. வின்செஸ்டரில் நடந்துவிட்டு வந்து எழுதிய கவிதை. இரண்டு நாள் கழித்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், வசந்தத்தின் குளிர்ந்த பச்சையைவிட அரிதாள் நிற்கும் வயல் தனக்குப் பிடித்திருப்பதாகச் சொல்கிறார். அது கதகதப்பாகத் தெரிகிறதாம். அழகு என்று நாம் திரும்பிக்கூடப் பார்க்காத வயல்.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தம்பி டாம் காசநோயில் இறந்திருந்தார். 1821 பிப்ரவரியில், 25 வயசில், அதே நோயில் கீட்ஸும். கவிதைக்கும் முடிவு தெரியும்: கடைசி வரியில் தகைவிலான்கள் கிளம்பக் கூடுகின்றன. ஆனால் அது புலம்பல் இல்லை, கீச்சொலி. வசந்தத்தின் பாட்டுக்கு ஏங்காமல், இந்தப் பருவத்துக்கும் பாட்டு உண்டு என்று காது கொடுக்கிறார் கீட்ஸ்.

தலைப்பின் தமிழை மறந்துட்டு ஒருமுறை வாசிச்சுப் பாருங்க.