கல்லீரல் எம்ஆர்ஐ: எந்த முறை பெஸ்ட் என்று கேட்கலாமா?

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தால், சர்ஜனுக்கு முதலில் தெரிய வேண்டியது கட்டிகள் எத்தனை, எங்கெங்கே என்பதுதான். ஒன்று கண்ணில் படாமல் போனால்கூட ஆபரேஷனின் பலன் போய்விடலாம்.

இதற்கு எம்ஆர்ஐயில் இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. டிஃப்யூஷன் முறைக்கு ஊசி வேண்டாம். செல்கள் நெருக்கியடித்து இருக்கும் இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் திணறும், அதைத்தான் படமாக்குகிறது. மற்றது, கேடாக்செடிக் அமிலம் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி, சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படம். நல்ல கல்லீரல் செல்கள் மருந்தை உள்ளே இழுத்துப் பளிச்சென்று தெரியும். பரவி வந்த கட்டியில் அந்தச் செல்களே கிடையாது, அதனால் கறுப்பாக நிற்கும்.

வில்க்ரேன் குழுவினர் 2016இல் யூரோப்பியன் ரேடியாலஜி இதழில் 39 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கட்டிகளைப் பிடிக்கும் விகிதம்: டிஃப்யூஷன் 87.1%, மருந்து 90.6%, இரண்டும் சேர்ந்தால் 95.5%. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் முறையே 68.9%, 83.0%, 90.9%.

"ரெண்டையும் சேர்த்து எடு, முடிந்தது" என்று தோன்றும். அவ்வளவுதானா? ஒன்று தவறவிடுவது 12.9%, மற்றது 9.4%. இரண்டு தவறுகளும் தொடர்பில்லாதவை என்றால், இரண்டிலும் தப்புவது 1.2% தான் இருக்க வேண்டும். ஆனால் தப்பியது 4.5%. சிறிய கட்டிகளில் 5.3% வர வேண்டிய இடத்தில் 9.1%. வெவ்வேறு ஆய்வுகளின் சராசரிகளை வைத்துப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் திசை தெளிவு: சில கட்டிகள் இரண்டு முறைக்குமே பிடிபடாதவை. சாஃப்ட்வேரில் ஒரே பக்கை இரண்டு டெஸ்ட்டும் கோட்டைவிடுவது மாதிரி.

இன்னொரு விஷயம். இவை எல்லாம் இருக்கும் கட்டியைப் பிடிக்கும் விகிதம் மட்டுமே. ரத்தக்குழாய்க் கட்டி எனும் தீங்கற்ற ஹெமாஞ்சியோமாவும் மருந்துப் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். அதைப் புற்று என்று நினைத்து வெட்டினால், அந்த நஷ்டம் இந்த எண்ணில் வராது. சிரோசிஸ் இருப்பவருக்கும் இதை அப்படியே பொருத்தக் கூடாது; அங்கே கல்லீரலே மருந்தைச் சரியாக இழுக்காது, கட்டிக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும்.

ஆகவே எது பெஸ்ட் என்று ரேங்க் போடுவதைவிட, எது எதைத் தவறவிடுகிறது, யாருடைய கல்லீரலில், எந்த அளவில் என்று கேட்பதுதான் உபயோகம். அடுத்து வரும் ஒப்பீட்டு ஆய்வுகள் இரண்டிலும் தப்பிய கட்டிகளைத் தனிப் பட்டியலாகக் கொடுத்தால், சர்ஜனுக்கு அதுதான் அதிகம் பயன்படும்.