புதிர்த்தாளும் குலுக்கல் சீட்டும்

உளவியல் எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். முல்லர்-லயர் கோடு இருக்கும். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைந்த தாள் இருக்கும். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்த கணக்கு இருக்கும். கோட்டின் நீளத்தில் கண் எப்படி ஏமாறுகிறது என்று அளக்கிறார்கள். மணியாச்சியில் ரயிலேறித் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் படிக்கப் போகிற பிள்ளையைப் பக்கத்து சீட்டுக்காரர், "எந்த ஊருப்பா? ஊருல எந்தப் பக்கம்?" என்று அளப்பதற்கு அந்த நோட்டில் பக்கம் கிடையாது.

"சொந்தமா ஒரு பரிசோதனை வடிவமைச்சுட்டு வா" என்று கடைசி வருஷம் சொல்லும்போதுதான் சாதியைத் தொட வாய்ப்பு வருகிறது. அப்போதும் நம் பிள்ளை எழுதிக்கொண்டு வரும் தலைப்பு பெரும்பாலும் இதுதான்: 'தலித் மாணவரிடையே தாழ்வு மனப்பான்மை'. வழிகாட்டி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். போடாமல் என்ன? கூண்டில் நிற்கப் போவது அவரல்லவே. இந்தத் தலைப்போடுதான் எனக்குச் சண்டை.

சண்டைக்குத் துணையாக, கூட்டங்களில் அரைகுறையாக எடுத்துச் சொல்லப்படும் ஒரு பரிசோதனையை முழுதாகப் பார்ப்போம். உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நடத்தியது. 2004இல் உலக வங்கியின் ஆய்வுத்தாளாக வந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். மேல்சாதியார் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதியார் 321 பேர். சிறுவர் பத்திரிகையில் எலிக்குப் பொந்துக்கு வழி காட்டச் சொல்வார்களே, அந்த மாதிரிப் புதிர்த்தாள்கள். போட்டால் காசு. சாதியைச் சொல்லாமல் உட்கார வைத்தபோது இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாகப் போட்டார்கள். வேறு குழுக்களில் பேர், அப்பா பேர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டுத் தாளைக் கொடுத்தார்கள். நம் பையன்கள் போட்ட புதிர்கள் கால்வாசியை ஒட்டிக் குறைந்தன.

இதோடு நிறுத்திக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு சாரார், "பாருங்கள், ஊனம் அவனுக்குள்ளேயே இறங்கிவிட்டது" என்கிறார்கள். அனுதாபத்தோடு சொல்வதால் அது வேறு கருத்தாகிவிடாது. இன்னொரு சாரார் கெட்டிக்காரர்கள். "சாதியைச் சொன்னதாலதானே குறைஞ்சது, சொல்லாதீங்க, சாதிச் சான்றிதழைக் கிழிங்க" என்று நேரே இடஒதுக்கீட்டின் கழுத்துக்கு வந்துவிடுவார்கள்.

இரு சாராரும் தாண்டிப் போகிற பகுதி ஒன்று உண்டு. சாதியை வாசித்த பிறகும், பரிசு யாருக்கு என்பதை மட்டும் குலுக்கல் சீட்டிடம் விட்டுப் பார்த்தார்கள். இடைவெளி மறைந்துபோனது. அதே வயசுப் பையன்கள், அதே சாதி, அதே மாதிரிப் புதிர். ஊனம் உள்ளே இருந்திருந்தால், சீட்டைக் குலுக்கியதும் அது எங்கே போச்சு? மனிதன் கையில் தீர்ப்பு இருக்கிறவரை தனக்கு நியாயம் கிடைக்காது என்று அந்தப் பையன் எடைபோட்டிருக்கிறான் என்பதுதான் ஆய்வாளர்களின் வாசிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இதற்குத் தாழ்வு மனப்பான்மை என்று பேர் வைப்பது, நனைந்தவனைப் பார்த்து மழைப் பயம் என்பது மாதிரி.

1995 ஆகஸ்ட் 31 அன்று, மணியாச்சி இருக்கிற இதே ஒட்டப்பிடாரம் வட்டத்தில், கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீட்டுச் சாமான்களை அடித்து நொறுக்கியது. அன்று அதைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புதிர் போடுகிற வயசில் இருப்பார்கள். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் யார் என்று முதலில் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உளவியல் வேண்டாம்.

அதே ஆய்வாளர்கள் 2014இல் எழுதிய கட்டுரையில், சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார வைத்தபோது மேல்சாதிப் பையன்களின் எண்ணிக்கையும் இறங்கியதாகச் சொல்கிறார்கள். 'ஆதிக்க சாதி மாணவரிடையே மெத்தன மனப்பான்மை' என்று இதுவரை யாரும் எம்.ஏ. ஆய்வு போட்டு நான் பார்க்கவில்லை.

இந்தப் பரிசோதனையில் குறையும் உண்டு. பையனின் சாதியை எல்லார் முன்னாலும் வாசித்தது ஆய்வாளர்களின் ஏற்பாடு. உதவித்தொகைப் படிவம் வந்த அன்றைக்கு, "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்கலே" என்று நான் படித்த வகுப்பில் கேட்ட குரல்தான் அது, அறிவியல் சட்டை போட்டு வந்திருக்கிறது. இன்னொன்று, கரிசக்காட்டுப் பள்ளியில் 'சாதி தெரியாத குழு' என்ற ஒன்றை எங்கே போய்த் தேட? கையில் கட்டுகிற கயிற்றின் நிறமே சொல்லிவிடும். 2019இல் பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கையே அதைப் பேச வேண்டிவந்தது. 2024இல் நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது.

அமெரிக்காவில் மேமி கிளார்க் 1939இல் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவியாகச் செய்த முதுகலை ஆய்வு, கறுப்புக் குழந்தைகள் தம்மை எப்படி உணர்கிறார்கள் என்பதைப் பற்றியது. பின்னர் கணவர் கென்னத்தோடு சேர்ந்து செய்த பொம்மைப் பரிசோதனை, பள்ளியில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பு வரை போனது. பெரிய காரியம். ஆனால் அங்கும் பொம்மையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது கறுப்புக் குழந்தையைத்தான். வெள்ளை ஆசிரியை முன்னால் ஒரு பொம்மையும் நீட்டப்படவில்லை.

நாற்காலியில் இருப்பவரை அளந்த பரிசோதனைகளும் இருக்கின்றன. இந்தியாவில் ரேமா ஹன்னா, லீ லிண்டன் செய்து 2012இல் அச்சான ஆய்வில், விடைத்தாளின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று எழுதிய தாளுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது. குறைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்ந்த சாதியில் பிறந்த ஆசிரியர்கள்தான் என்றும் வந்தது. நமக்குச் சங்கடமான முடிவு. மறைக்காமல் வைத்துப் பேச வேண்டியது. நாற்காலி ஏறியவனை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டியது.

நம் மாணவி இதை இங்கே செய்யலாம். வடக்கே போலப் பேரை மாற்றினால் போதாது. நம்மூர்ப் பேருக்குப் பின்னால் சாதி ஒட்டியிருப்பதில்லை. முகவரிதான் காட்டிக்கொடுக்கும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் போன பிறகும் தெருப் பேர் அதே வேலையைச் செய்கிறதா என்று, ஒரே விடைத்தாளை இரண்டு முகவரியில் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒரு சிக்கல். இன்னதற்கு என்று முன்கூட்டிச் சொன்னால் ஆசிரியர் உஷாராகிவிடுவார். சொல்லாமல் செய்தால், முடிந்த பிறகு அவரை உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது ஆய்வு ஒழுங்கு. தன் செய்முறைத் தேர்வுக்கு மார்க் போடுகிறவரின் சிநேகிதர் முன்னால், இருபது வயசுப் பெண் பிள்ளை தனியாகப் போய் அதைச் சொல்ல முடியாது. அன்றைக்கு நாலு தோழர்கள் கூடப் போங்கள்.