'எனர்ஜி' பானம்: பெயரும் பொருளும்

ஒரு நூலை மதிப்பிடும்போது, அதன் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தம் உண்டா என்று பார்ப்பது வழக்கம். கடைகளில் குளிர்பதனப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் 'எனர்ஜி டிரிங்க்' டப்பாவையும் நாம் அவ்வாறே பரிசீலிக்கலாம். தேர்வுக்காக இரவு கண்விழிக்கும் மாணவரும், நெடுந்தூரம் லாரி ஓட்டும் ஓட்டுநரும் அதன்மேல் அச்சிட்ட சொற்களை நம்பியே காசு கொடுக்கிறார்கள். அச்சொற்கள் மெய்யா என்று கேட்பது விஞ்ஞானம் பயில்வோரின் கடமை அல்லவா?

முதலில் தலைப்பைப் பார்ப்போம். 'எனர்ஜி' என்பதற்கு நம் பாடநூல்கள் தரும் சொல் ஆற்றல். வேலை செய்யும் திறனே ஆற்றல். அதை ஜூல் என்ற அலகால் அளக்கிறோம். உடலுக்கு வேண்டிய ஆற்றல் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. ஒரு கிராம் சர்க்கரை சுமார் 4 கிலோ கலோரி தரும். பெயர் பெற்ற எனர்ஜி பானம் ஒன்றின் 250 மில்லிலிட்டர் டப்பாவில் சர்க்கரை சுமார் 27 கிராம். அதாவது, ஏறத்தாழ 108 கிலோ கலோரி. நடுத்தர அளவுள்ள மோரிஸ் வாழைப்பழம் ஒன்றும் ஏறக்குறைய இதே அளவு ஆற்றலைத் தந்துவிடும். பழத்தின் விலையையும் டப்பாவின் விலையையும் வாசகர்களே ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

இதைவிட விந்தை ஒன்று உண்டு. இதே பானங்கள் 'சர்க்கரை இல்லாதது' என்ற வகையிலும் விற்கப்படுகின்றன. அந்த டப்பாவின் சத்துப் பட்டியலைப் படித்தால், அதில் கிடைக்கும் ஆற்றல் வெகு சில கலோரிகளே என்று தெரியும். ஆயினும் பெயர் மட்டும் 'எனர்ஜி டிரிங்க்' தான்!

அப்படியானால், குடித்தவர் உணரும் சுறுசுறுப்பு பொய்யா? பொய்யன்று. அது காஃபீன் செய்யும் வேலை. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்புச் செல்களில் தனக்கென அமைந்த ஏற்பிகளில் பொருந்தும்போது நமக்கு அயர்வும் தூக்கமும் வருகின்றன. காஃபீன் மூலக்கூறு வடிவில் அடினோசினை ஒத்தது. பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் அடைத்துக்கொள்ளும் வேற்றுச் சாவியைப் போல் அது அந்த ஏற்பிகளில் அமர்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கிறது. களைப்பை அறிவிக்கும் செய்திதான் தடைப்படுகிறது. பெட்ரோல் தீர்ந்துவரும் வண்டியில், அளவு காட்டும் முள்ளைத் துணியால் மூடினால் எப்படியோ, அப்படி!

காஃபீன் விழிப்பைக் கூட்டுகிறது, உடற்பயிற்சியில் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கச் செய்கிறது என்பன ஆய்வுகளால் உறுதியான உண்மைகள். ஆனால் அளவு மிஞ்சினால் படபடப்பு, கைநடுக்கம், இரத்த அழுத்த உயர்வு, தூக்கமின்மை ஆகியவை உண்டாகும். உடலில் புகுந்த காஃபீன் பாதியாகக் குறைய, பெரியவர்களில் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. இரவு 10 மணிக்கு 150 மில்லிகிராம் உட்கொண்ட மாணவரின் உடலில், அதிகாலை 3 மணிக்கும் 75 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். படித்தது மனத்தில் பதிவதற்குத் தூக்கம் இன்றியமையாதது. அந்தத் தூக்கத்தையே விலையாகக் கொடுத்துப் படிப்பதில் என்ன இலாபம்?

பட்டியலில் அடுத்து வருவது டாரின். 1827-ல் எருதின் பித்த நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. பெயரைக் கேட்டதும் எருதின் வலிமை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நம் உடலே இதைத் தயாரித்துக் கொள்கிறது. மீனிலும் இறைச்சியிலும் இது உண்டு. டாரின் சோர்வைத் தாமதப்படுத்தும் என்ற விளம்பர வாசகத்துக்குப் போதிய சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் முடிவு கூறியது.

விளம்பரங்கள் வழக்கு மன்றம் ஏறியதும் உண்டு. சாதாரணக் காப்பியைவிடக் கூடுதலான பலன் தருவதாக ரெட்புல் விளம்பரங்கள் கூறுவதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவில் நுகர்வோர் வழக்குத் தொடர்ந்தனர். 2014-ல் அந்நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டாலர் தர இசைந்து சமரசம் செய்துகொண்டது. எனினும், தவறு எதையும் அது ஒப்புக்கொள்ளவில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ல் வகுத்த விதியில் இப்பொருளின் பெயர் 'காஃபீன் கலந்த பானம்' என்பதே. லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒவ்வாதவர்கள் ஆகியோருக்கு ஏற்றதன்று என்று டப்பாவில் எழுத வேண்டும். பாராட்டத்தக்க விதி. ஆனால் 2024 ஏப்ரலில், மால்ட், பால், தானிய பானப் பொடிகளை 'எனர்ஜி டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் இணையவழி விற்பனையில் காட்டக் கூடாது என்று அறிவித்த அதே ஆணையம், நீரில் சுவை சேர்த்த பானங்களுக்கு அச்சொல்லை அனுமதித்தது. உணவாற்றல் உள்ள பாலுக்கு மறுக்கப்பட்ட பெயர், சர்க்கரை கூட இல்லாத காஃபீன் நீருக்கு வாய்த்துவிட்டது! பெயர் பெரிய எழுத்திலும், எச்சரிக்கை அதைவிடச் சிறிய எழுத்திலும் இருக்கையில், சிறுவர்கள் எதைப் படிப்பார்கள்?

ஐரோப்பிய ஆணையம் 2015-ல் சிறுவர்களுக்குக் கூறிய அளவு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம். 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு இது 90 மில்லிகிராம். நம் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் தயாரித்த 500 மில்லிலிட்டர் பானத்தில் இருப்பதோ 150 மில்லிகிராம்! லிதுவேனியா 2014-லும், போலந்து 2024-லும் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு இப்பானங்களை விற்பதைத் தடை செய்தன.

காப்பியிலும் தேநீரிலும் காஃபீன் இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு, அளவு மீறினால் அவையும் தீங்கே. ஆனால் அவை சூடாக, மெல்ல அருந்தப்படுபவை. ஆற்றல் தருவதாகப் பெயர் சூட்டிக்கொள்பவையும் அல்ல. இனிப்பும் குளிர்ச்சியுமான பானமோ ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிடும்.

எனவே நம் கோரிக்கை எளியது. சட்டத்தில் உள்ள 'காஃபீன் கலந்த பானம்' என்ற பெயரே டப்பாவின் முகப்பிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதுவரை, வாங்குமுன் டப்பாவைத் திருப்பி 100 மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் காஃபீன் என்று படியுங்கள். டப்பாவின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கும் அக்கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.