முதற்பிழையும் 64ஏ பிரிவும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்கு நடக்கும் பத்தொன்பது பிராயத்து டிரெயினி ஒருவனின் சட்டைப் பையில் விரல் நீளக் கஞ்சாப் பொட்டலம் அகப்படுமானால், ஒரு கிலோவுக்கு உட்பட்ட அது ‘சிறிய அளவு’ என்றே கொள்ளப்பட்டாலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு தம்பி, இன்னிக்கே முடிஞ்சிடும்” என்று கோர்ட்டு வாசலில் சொல்லப்படும் யோசனை இரக்கத்தில் பிறந்ததேயாயினும், அபராதமும் தண்டனையே என்பதையும், அடுத்த கம்பெனி போலீஸ் சான்றிதழ் கேட்கும் நாளில் அது அவன் வேலைக்கே குறுக்கே நிற்கக்கூடும் என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

இதற்குப் பரிகாரம் அச்சட்டத்திலேயே இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவன், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் தானே விரும்பிச் சிகிச்சை பெறுவானாகில், சிறிய அளவுக் குற்றத்துக்காக அவன்மேல் வழக்குத் தொடரலாகாது என்கிறது 64ஏ பிரிவு. தீர்ப்பான பிறகும், சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரம் பெற்றுச் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. நோயாளியைக் கைதியாக்காத இந்தத் தயை உயர்ந்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம் என்ற நிபந்தனையும் நியாயமானதே.

ஆனால் அந்த விலக்கு ‘அடிமை’க்கு மட்டுமே உரியது, அடிமையென்றால் போதையைச் சார்ந்தே வாழ்பவன் என்பது சட்டத்தின் வரையறை. அறைத்தோழன் நீட்டியதை இரண்டொரு முறை இழுத்துப் பார்த்த பையன் அப்படிப்பட்டவனல்லன். ஆகவே குறைவாகத் தவறியவன் தண்டனையை ஏற்கவேண்டும், அல்லது இல்லாத வியாதியை உண்டென்று சொல்லி மெய்யான நோயாளியின் படுக்கையில் போய்ப் படுக்கவேண்டும் என்ற விபரீதம் விளைகிறது. இதை நான் சிறு குறையென்று கருதவில்லை. சீர்திருத்தத்தின் மூல நோக்கத்தையே இது குலைக்கிறது. பதினெட்டு நிரம்பாதவனுக்கோ 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஆலோசனையும் சமூக சேவையும் விதித்து, தீர்ப்பால் வரும் தகுதியிழப்பையும் நீக்குகிறது. பிறந்தநாள் ஒன்று கழிந்ததும் அந்தக் கருணை முழுவதும் அற்றுப்போவதற்கு நியாயம் எதையும் நான் காணவில்லை. போர்ச்சுகல் 2001 முதல், சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்தவனைக் கோர்ட்டுக்குப் பதிலாக ஓர் ஆலோசனைக் குழுவின்முன் நிறுத்துவதோடு, அடிமையாகாத முதல்முறைக்காரனின் நடவடிக்கையை நிறுத்தியும் வைக்கிறது. நமது சட்டத்தில் இல்லாத ஷரத்து இதுவே.

மதுவின் விஷயம் வேறு. டாஸ்மாக் கடையில் அரசே விற்கும் சரக்கைக் குடித்துவிட்டு இருசக்கர வாகனம் ஓட்டியவன் முதல் தடவையே ஆறு மாதச் சிறைக்கோ 10,000 ரூபாய் அபராதத்துக்கோ ஆளாகலாம். பிறர் உயிரோடு விளையாடிய அவனுக்கு விலக்குக் கேட்க என் மனம் இசையவில்லை, சிகிச்சை மட்டும் அவசியம்.

கஞ்சா வழக்கில் திருத்தம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், வருமானத்தைப் பாராமலே தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் காவலில் உள்ளவனுக்கும் இலவச வக்கீலை உரிமையாக்கியிருக்கிறது. அந்த வக்கீல், பையன் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குமுன் அவனிடம் வந்து சேரவேண்டும்.