கூட்டாக எழுதும் பரீட்சை: புள்ளியும் கற்றலும்

பரீட்சை தனியொருவரின் அறிவை அளக்கும் கருவி என்பது நம் கல்வி மரபில் ஊறிய எண்ணம். அடுத்திருப்பவரின் தாளை எட்டிப் பார்ப்பது குற்றம். இதற்கு நேர்மாறாக, வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, நூற்றுக்கணக்கானோர் பயிலும் வகுப்புகளில் ஈர்கட்டப் பரீட்சை என்னும் முறையைக் கையாள்கின்றன. மாணவர் முதலில் தனித்திருந்து விடையெழுதிக் கையளிப்பர். பின்னர் மூவர் நால்வராகக் கூடி, அவ்வினாக்களையே விவாதித்து, குழுவுக்கொரு தாளாக எழுதுவர். புள்ளியில் பெரும்பகுதி தனித்தாளுக்கே உரியது.

இம்முறையைப் போற்றுவோர், குழுவின் புள்ளி தனியாள் புள்ளியை விஞ்சுவதை முதற்கண் எடுத்துக்காட்டுவர். இவ்வாதம் வலுவற்றது. நால்வரில் ஒருவர் விடையறிந்திருப்பின், ஏனையோர் தலையசைத்தாலே புள்ளி உயர்ந்துவிடும். தலையசைத்தவர் கற்றாரா என்பதன்றோ வினா!

அவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2012 இல் வெளிவந்தது. பெரியதோர் அறிமுக உயிரியல் வகுப்பினை, முதற் பரீட்சைப் பெறுபேற்றின்படி சமவலுவுடைய இரு பகுதிகளாக வகுத்தனர். இரண்டாம் பரீட்சையை ஒரு பகுதியினர் மட்டும், தனியே எழுதியவுடன், குழுவாகவும் எழுதினர். மூன்றாம் பரீட்சையில் மற்றைப் பகுதியினர் அவ்வாறு செய்தனர். குழுப்புள்ளி தெளிவாகவே உயர்ந்தது. ஆயின், அடுத்து வந்த பரீட்சையில் முந்திய பாடப்பொருளைப் பற்றி மீண்டும் வினவியபோது, இரு பகுதியினரிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை. உடற்றொழிலியல் வகுப்பொன்றை ஆராய்ந்து 2003 இல் வெளியிடப்பட்ட முடிவு இதற்கு மாறானது. கூடி எழுதியோர் பாடத்தைக் கூடுதலாக நினைவிற் கொண்டிருந்தனர் என்றது.

இம்முரணை, எப்பக்கம் ஆய்வுகள் மிகுதி என எண்ணித் தீர்த்தல் இயலாது. வினாவின் இயல்பை நோக்குதல் வேண்டும். கொலராடோப் பல்கலைக்கழகத்தின் பிறப்புரிமையியல் வகுப்பை ஆராய்ந்தோர், குழுவில் எவருமே முதலில் விடையறியாதவிடத்தும் விவாதம் பயன்தர வல்லது என்பதை 2009 இல் கணித்துக் காட்டினர். அவை பரீட்சை வினாக்கள் அல்ல, வகுப்பிடையே கேட்கப்பட்டவை. கருத்தை ஆராய்ந்தாலன்றி விடை காணவியலாதவை. வெறும் நினைவாற்றலைச் சோதிக்கும் வினாவிலே விவாதத்திற்கு இடமேது? அறிந்தவர் சொல்வார், மற்றவர் எழுதுவர்.

கூடிக் கற்றல் நமக்குப் புதிதன்று. பரீட்சைக் காலத்தில் நம் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஒருவர்க்கொருவர் பாடஞ் சொல்லும் 'குப்பி'யை அறியாதார் யார்? ஆங்கே புள்ளியுமில்லை, கடிகாரமுமில்லை. "விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லும்" எனக் கூச்சமின்றிக் கேட்கலாம். பரீட்சை மண்டபத்திலோ அவ்வாறு கேட்பவர் நண்பரின் நேரத்தையும் புள்ளியையும் வீணாக்குபவராகத் தம்மையே கருதிக்கொள்வார். சரியான விடையைத் தனித்தாளில் எழுதிவிட்டு, உரக்கப் பேசுபவரின் பிழைக்குக் குழுத்தாளில் உடன்படும் மாணவியும் இருப்பாள். இம்முறையை இங்குக் கொணர விழையும் விரிவுரையாளர், குழுத்தாளின் சராசரியைக் கணிக்குமுன் இத்தகையோரின் இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.