மூன்று முறை சொல்லும் மந்திரம்: டோரா தொடரின் தமிழ், மலையாள மொழிமாற்றங்கள்

மந்திரத்தை மொழிபெயர்ப்பதில் எழும் சிக்கல் பிற தொடர்களை மொழிபெயர்ப்பதில் எழுவதன்று. பிற தொடர்கள் பொருளை உணர்த்தினாற் போதும்; மந்திரம் செயலையும் நிகழ்த்தியாக வேண்டும். சொன்னது சொன்னவாறே பலிக்கும் பெரியோர் ஆணையாக வெளிப்படுத்தும் மறைபொருட் கூற்றே மந்திரம் என்பது தொல்காப்பியச் செய்யுளியலின் கருத்து. சொல்வதே செய்வதாக அமையும் கூற்றுகளைப் பற்றி ஆஸ்டின் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962இல் நூலாயின. உரிய சூழலும் முறையும் அமையாவிடின் இத்தகைய கூற்று பலிக்காது என்பது அவருடைய விளக்கத்தின் மையக் கருத்து. சிறுவர்க்கான இயங்குபடத் தொடர் ஒன்றின் மொழிமாற்றத்தை மதிப்பிட இவ்விரு கருத்துகளும் துணைசெய்கின்றன.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2000 ஆகஸ்டில் தொடங்கிய ‘டோரா தி எக்ஸ்புளோரர்’, தமிழில் சுட்டி டி.வி. வழியாக ‘டோராவின் பயணங்கள்’ என்றும், மலையாளத்தில் கொச்சு டி.வி. வழியாக ‘டோரயுடெ பிரயாணம்’ என்றும் அறிமுகமாயிற்று. முன்னது 2007இலும் பின்னது 2011இலும் தொடங்கப்பெற்ற அலைவரிசைகள். தலைப்புகளே ஒப்புநோக்கத்தக்கவை. பயணம், பிரயாணம் ஆகிய இரண்டும் ஒரே வடசொல்லின் வடிவங்கள். தமிழ் அதனைத் தன் ஒலியமைப்புக்கு ஏற்பத் திரித்துக்கொண்டது, மலையாளம் வடமொழி வடிவத்தையே போற்றியது. தமிழில் பன்மை, மலையாளத்தில் ஒருமை. மூலத்தில் ஆளைக் குறித்த சொல் இரண்டிலும் செயலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ‘நாடாய்வாளர்’ என்று பெயரிட்டிருந்தால் எந்தக் குழந்தை பார்த்திருக்கும்?

தொடரின் கதையமைப்பு பழங்கதைகளின் தன்மையது. நிலப்படம் பேசும், முதுகுப்பை பாடும், வழியில் மூன்று இடங்களைக் கடக்க வேண்டும். நீல முகமூடியணிந்த நரியொன்று பொருளைப் பறிக்க வரும். நரி கைவைக்கும் முன் தடைத்தொடரை மூன்று முறை சொன்னால் அது செயலற்றுத் திரும்பும்; காலந்தாழ்ந்தால் பொருள் போய்விடும். முறை, எண்ணிக்கை, காலம் ஆகிய மூன்றும் அமைந்தாலன்றித் தொடர் பலிப்பதில்லை. ஆஸ்டின் கூறும் நிபந்தனைகளுக்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது. தொல்காப்பிய மந்திரத்தினின்றும் இது வேறுபடுவது ஓரிடத்தில்தான்: இங்குச் சொற்கள் மறைபொருளாக இல்லை, வெளிப்படையானவை, எந்தக் குழந்தையும் சொல்லக்கூடியவை.

ஆங்கில மூலத்தில் நரியின் பெயரும் அதன் தொழிலும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. பெயரைச் சொல்வதே குற்றத்தைச் சொல்வதாகிறது. தமிழில் இதனைக் ‘குள்ளநரி திருடக் கூடாது’ என்றும், மலையாளத்தில் ‘குறுநரி மோஷ்டிக்கருது’ என்றும் மாற்றினர். சொல்விளையாட்டு இரண்டிலும் அழிந்தது. ஆயினும் இரு தொடர்களும் அந்தந்த மொழி பேசுவோரிடையே பெரியவர்களின் கேலிப்பேச்சிலும் இடம்பெறும் அளவுக்கு வேரூன்றின. இழப்பை எது ஈடுசெய்தது என்பதே கேள்வி.

முதலில் பெயர். குள்ளம், குறுமை ஆகிய இரண்டும் ஒரே பொருளைத் தருவன. ‘குறுநரி’ கலித்தொகையில் வழங்கும் சொல். இன்றைய தமிழ்ப் பேச்சில் அது வழக்கொழிந்தது. தமிழ்க் குழந்தைக்குக் குள்ளநரி என்றவுடன், பாட்டியின் வடையைக் கவர்ந்த காக்கையை ஏய்த்த கதையின் நரி நினைவுக்கு வரும். எனவே மூலத்தின் ஒலியொப்புமை போன இடத்தில் கதைமரபு வந்தமர்ந்தது. இது நல்ல பரிமாற்றம்.

அடுத்து வினை. இங்குதான் இரு மொழிமாற்றங்களின் போக்கும் பிரிகிறது. மலையாளத்தில் ‘கக்குக’ என்னும் வீட்டுவழக்கு வினை இருக்க, பாடநூலிலும் செய்தித்தாளிலும் வழங்கும் ‘மோஷ்டிக்குக’ தெரிந்தெடுக்கப்பட்டது. தமிழில் ‘திருடு’ என்னும் அன்றாடச் சொல்லே போதுமானதாயிற்று. தென்மாவட்ட வழக்கின் ‘களவாங்கு’ போன்றவை ஒதுக்கப்பட்டமை பொதுமை கருதியதாகலாம்.

விலக்கு வடிவம் இதனினும் ஆழமாக நோக்கத்தக்கது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. ஆகவே ‘-அருது’ என்னும் விலக்கில் முன்னிலை புலப்படாமை அம்மொழியின் இயல்பு. ஒருவர் தெரிந்து செய்ததன்று. தமிழில் நிலைமை வேறு. ‘திருடாதே’ என்றிருக்கலாம், அது ஒருமை, நேருக்குநேர் அதட்டல். ‘திருடாதீர்கள்’ என்றிருக்கலாம், அது நரிக்கு அளிக்கும் மரியாதையாகிவிடும். இரண்டையும் விடுத்துக் ‘கூடாது’ என்றதனால், கூற்று ஒருவர் மற்றொருவருக்கு இடும் கட்டளை என்னும் நிலையினின்று உயர்ந்து எவர்க்கும் பொதுவான விதியாயிற்று. நரி டோராவுக்குப் பணிவதில்லை, விதிக்குப் பணிகிறது. மூலத்திலும் முன்னிலை வினை இல்லை என்பதை நினைத்தால், தமிழ்மாற்றம் சொல்லை விட்டுவிட்டு அதன் இலக்கண மனநிலையைப் பற்றிக்கொண்டது எனலாம். மொழிமாற்றக் கூடத்தின் அவசரத்தில் இது தற்செயலாக அமைந்ததாயினும் சிறப்புக் குன்றாது.

இவ்வேறுபாடு ஆய்வாளரின் மேசையில் மட்டும் புலப்படுவதன்று. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்ஞாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் இரு அலைவரிசைகளும் ஒரே வீட்டில் கிடைப்பவை. முன்னது கொச்சி அரசின் பகுதி, பின்னவை திருவிதாங்கூரின் பகுதிகள். 1956 நவம்பர் 1 முதல் இரண்டும் கேரளத்தில் அடங்கின. சித்தூர்ப் பக்கத்துப் பேச்சு கொங்குத் தமிழை ஒட்டியது. மூணாறு தோட்டங்களின் பேச்சோ மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர் வழியது. பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கேரளம் 2017இல் இயற்றியது. வீட்டில் வட்டாரத் தமிழும் பள்ளியில் மலையாளமும் கேட்கும் குழந்தைக்குப் பொதுப் பேச்சுத்தமிழைக் காதால் கேட்கும் வாயில்களுள் தொலைக்காட்சி முதன்மையானது. அங்கு ஒலிக்கும் தமிழ் எத்தகையது என்பது பொழுதுபோக்கு அளவில் முடிந்துவிடும் செய்தியன்று.

அக்குழந்தைக்கு ‘-அருது’ வகுப்பறையின் ஒலி; ‘கூடாது’ தாயின் ஒலி. ‘கூடா’ மலையாளத்திலும் உண்டு; ஆனால் ‘செய்துகூடா’ என இறந்தகால எச்சத்தோடு சேரும். தமிழில் ‘செய்யக் கூடாது’ எனச் செயவெனெச்சத்தோடு சேரும். ஒரே துணைவினை இரு மொழிகளிலும் எவ்வாறு வேறிடத்தில் நிற்கிறது என்பதை இலக்கண ஆசிரியர் பலமுறை விளக்கியும் பதியாதது, நரி வரும் அரைநிமிடத்தில் பதிந்துவிடக் கூடும். பாலக்காட்டு ஐயர் வீடுகளின் ‘திருடப்படாது’ என்னும் வடிவத்தையும் இவற்றோடு வைத்து நோக்கின் ஒப்பீடு இன்னும் விரியும்.

இத்தொடரில் மந்திரமே கதைப்பொருளாகும் பகுதி 2004இல் வெளிவந்த தேவதைக்கதைப் பகுதி. சூழ்ச்சியால் வாழைப்பழம் உண்ட குரங்கு (தமிழில் புஜ்ஜி) உறங்கிவிடுகிறது; உண்மையான இளவரசி தழுவினாலன்றி விழிக்காது. இளவரசியாவதற்கு டோரா நான்கு செயல்களை முடிக்க வேண்டும்: செம்மோதிரம் காணல், பாறைகளைப் பாடவைத்தல், பனிப்பருவத்தை வசந்தமாக்கல், அரசன் அரசியர்க்கு நிலவைக் கொணர்தல். எந்தத் தமிழாக்கத்தையும் உரசிப்பார்க்க ஏற்ற பகுதி இது.

நான்கும் ஆங்கிலத்தில் ரிங், சிங், ஸ்பிரிங், கிங் என்னும் ஈற்றொலியால் கோக்கப்பட்டவை. அவ்வொலியே நினைவுக்குப் பிடிமானம். தமிழ்ச் செவி ஈற்று இயைபினும் அடிமுதல் எதுகை, மோனைகளையே எதிர்பார்ப்பது. ஆகவே ஈற்றொலியைத் துரத்தும் மொழிபெயர்ப்பாளர் வினைமுற்றுகளை அடுக்கி ‘வேண்டும், வேண்டும்’ என்று முடிக்க நேரும்; அது ஓசையன்று, அலுப்பு. மோனையை நாடின் ‘பாறை பாட, பனி போக’ என்ற அளவிலேயே வழி திறக்கிறது. ‘ஸ்பிரிங்’ என்பதற்கு ‘இளவேனில்’ என எழுதுவது அகராதிக்குச் சரி. ஆனால் சித்திரை, வைகாசியைக் குறிக்கும் அச்சொல் பாலக்காட்டுக் கணவாயின் வெக்கை அறிந்த குழந்தைக்குத் துன்பம் நீங்கிய பருவமாகத் தோன்றாது. மார்கழி, தை மாதங்களில் தேயிலைமேல் உறைபனி காணும் மூணாற்றுக் குழந்தைக்கோ ‘பனி போக’ என்பது உடலால் அறிந்த செய்தி. ஒரு மாநிலத்தின் இரு எல்லைகளிலேயே ஒரு சொல் இருவகையாகப் பலிக்கிறது.

பழம் கொடுத்து உறங்கவைக்கும் பெண்ணை எவ்வாறு அழைப்பது என்பது கடினமான இடம். தமிழில் மேலைத் தேவதைக்கதைகளை மொழிபெயர்ப்போர் ‘சூனியக்காரி’ என்பதைத் தயக்கமின்றிக் கையாள்கின்றனர். மலையாளத்தில் ‘மந்திரவாதினி’ வழங்குகிறது. ‘பாலரம’ இதழின் ‘மாயாவி’ சித்திரக்கதை வழியாக டாகினி என்னும் பெயரும் அங்குச் சிறுவர் உலகில் நகைப்புக்குரியதாகிவிட்டது. தமிழில் 1947 முதல் ‘அம்புலிமாமா’ பரப்பிய மந்திரவாதியும் வேதாளமும் கதைக்குள் அடங்கியவர்களே. சூனியம் அவ்வாறன்று, அது இன்றும் அக்கம்பக்கத்தார்மீது சுமத்தப்படும் பழி. பாலக்காட்டு ஒடியன் கதைகளில் இரவில் உருமாறித் தாக்குவோராகச் சொல்லப்பட்டவர் ஒடுக்கப்பட்ட சாதியினரே என்பதை மறத்தலாகாது. அத்தகைய மண்ணில் வாழும் குழந்தையிடம் ‘சூனியக்காரி’ என்னும் சொல்லை விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தால், அது படத்தில் உள்ளவளோடு நில்லாது தெருவில் தனித்து வாழும் மூதாட்டியையும் சென்றடையும். ‘மாயக்காரி’ என்பது ஓசையாலும் பொருளாலும் இவ்விடத்திற்குப் பொருந்தும். மலையாளக் காதுக்கும் அயலாகாது.